மூடாது புகல்

பிளீச்சிங் பவுடர் கரைத்த வாளியை வாசற்படிக்கு இந்தப் பக்கம் இறக்கி வைத்துவிட்டு, முகக்கவசத்தின் மேல் புடவைத் தலைப்பையும் ஒரு சுற்றுச் சுற்றிச் செருகிக்கொண்டு, அபயாம்பாள் பின்னறையின் தாழ்ப்பாளில் கை வைத்தபோது மணி பத்தேகால். கை வைத்தாளே தவிர இழுக்கவில்லை. பன்னிரண்டு மணிக்கு அவள் கணவர் சங்கரநயினாரை ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு அழைத்து வருகிறார்கள். அதற்குள் இந்த அறை காலியாகிவிட வேண்டும் என்று மகள் மணிமொழி சற்றுமுன்தான் தொலைபேசியில் சொல்லியிருந்தாள். "ஒரு துரும்பு இருக்கக் கூடாதும்மா. பை, பாட்டில், சாக்கு, பேப்பர், எல்லாத்தையும் போட்டிரு. டாக்டர் சொன்னது ஞாபகம் இருக்குல்லா?" ஞாபகம் இருந்தது. ஐந்து பை வைக்கோல் தொங்குகிற அறையைப் பற்றிச் சொல்கையில் துரும்பு என்ற சொல் தானாக வந்து பொருந்தியிருப்பதை அவள் கவனித்தாள். மகள் அதைக் கவனித்திருக்க மாட்டாள். பாளையங்கோட்டைப் பெண்கள் பள்ளியொன்றில் முப்பத்தோராண்டு தமிழிலக்கணம் கற்பித்துவிட்டு வந்தவளுக்கு, யார் எதைச் சொன்னாலும் சொல்லப்பட்ட செய்திக்கு முன்பாகச் சொல்தான் காதில் விழும். பதினாறு நாள்களுக்கு முன் ஆஸ்பத்திரியில் அந்த இளம் டாக்டரம்மாள் நுரையீரலின் படத்தை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டி, "வடுவாயிட்டு வருது" என்றபோதுகூட, வடு என்ற சொல்லுக்கு மாம்பிஞ்சு என்றும் ஒரு பொருள் உண்டே என்றுதான் முதலில் தோன்றியது. தோன்றியதற்காக இன்றைக்கும் கூசுகிறது. தாழ்ப்பாளை இழுத்தாள்.

கதவு திறந்ததும் முதலில் தெரிந்தது வெண்மை. ஐப்பசி மழையின் மங்கல் வெளிச்சத்தில், மகள் படித்த பழைய மேசை, சுவரில் தொங்கிய நாள்காட்டி, ஈரச் சாக்கு விரித்த தரை, அவருடைய மூக்குக்கண்ணாடிக் கூடு, எல்லாவற்றின் மேலும் மிக மெல்லிய வெள்ளைப் பொடி படிந்திருந்தது. மாவு மில்லுக்குள் நுழைந்தாற்போல. கயிற்றில் தொங்கிய ஐந்து பைகளிலும் இட்டிருந்த துளைகளின் வழியே சிப்பிக்காளான்கள் கொத்துக் கொத்தாக வெளியே வந்திருந்தன. பறிக்க ஆளில்லாத பதினாறு நாள்கள். பிஞ்சில் பறித்தால் உள்ளங்கையளவுதான் இருக்கும். இவையோ தட்டளவு விரிந்து, ஓரம் அலையலையாய் மேல்நோக்கிச் சுருண்டு, அடிப்புறத்து மடிப்புகளெல்லாம் வெளியே தெரிய, இன்னும் உதிர்த்துக்கொண்டே இருந்தன. சன்னல் சட்டத்தின் வழியே வந்த ஒரு கீற்று வெளிச்சத்தில் அது தெரிந்தது: மூன்றாவது பையின் பெரிய குடையிலிருந்து, ஊதுவத்திப் புகையைப் போல, ஆனால் புகையைப் போல மேலே போகாமல், சாய்ந்து சாய்ந்து இறங்கும் ஒரு மெல்லிய ஓட்டம். சத்தமே இல்லை. இவ்வளவு காரியம் நடக்கிற இடத்தில் ஏதாவது ஒரு சத்தம் இருந்திருக்கலாம். இருந்திருந்தால் அவர் எச்சரிக்கையாக இருந்திருப்பார். அவள் முகக்கவசத்தை மூக்கின்மேல் இன்னும் ஒருமுறை அழுத்திக்கொண்டாள். அவள் எப்போதும் மூடிக்கொண்டுதான் வருவாள். இரண்டு ஆண்டுகளில் ஒரு நாள்கூட மூடாமல் வந்ததில்லை. அந்த எண்ணம் எங்கோ போய் இடித்துக்கொண்டு நின்றது. அதை அங்கேயே விட்டுவிட்டு முதல் பையை அறுத்து இறக்கக் கத்தரிக்கோலைத் தேடினாள்.

அஞ்சல் நிலையத்தில் முப்பத்தாறு ஆண்டு வேலை பார்த்து ஓய்வு பெற்றவருக்கு வீட்டில் சும்மா இருக்கத் தெரியவில்லை. ஒருநாள் சந்தையில் வாங்கி வந்த காளானில் பெரியதாக ஒன்றை எடுத்துக் காம்பை நறுக்கிவிட்டு, கறுப்புத் தாளின் மேல் கவிழ்த்து, கண்ணாடிக் கிண்ணத்தால் மூடி வைத்தார். மறுநாள் காலை காபி கூடக் குடிக்காமல் கூப்பிட்டார். "டீச்சர், இங்க வந்து பாரு. வந்து பாரேன்." கிண்ணத்தை எடுத்து, காளானை மெல்ல உயர்த்தினார். கறுப்புத் தாளில் வெள்ளையாய், நடுவிலிருந்து ஓரம் வரை மயிரிழைக் கோடுகளாய், காளானின் அடிப்புறம் அப்படியே பதிந்திருந்தது. "யாரும் எழுதலட்டி. தானா முத்திரை குத்திருக்கு பாத்தியா," என்றார். அஞ்சல்காரருக்கு அது முத்திரையாகத்தான் தெரிந்தது. அந்தத் தூளைச் சுரண்டி, உருளைக்கிழங்குச் சாற்றில் இறுக வைத்த கடற்பாசிக் கூழின் மேல் தூவி, நூல் நூலாய் அது படர்ந்ததும், குக்கரில் அவித்த சோளத்துக்கு அதை மாற்றி, சோளம் வெளுத்ததும் வைக்கோலுக்கு மாற்றினார். கடையில் காளான் விதை பாக்கெட்டாகவே கிடைக்குமே, எதற்கு இத்தனை பாடு என்று அவள் கேட்டதற்கு, "அது அடுத்தவன் போட்ட விதை. இது பொடியில இருந்து," என்று விளங்கியும் விளங்காமலும் ஒரு பதில் சொன்னார். தூத்துக்குடியில் இருக்கும் தம்பி மகன் ஆங்கிலத்தில் ஒரு குறிப்பேடு அனுப்பியிருந்தான். அவருக்கு ஆங்கிலம் மணியார்டர் படிவத்தின் அளவுக்குத்தான் வரும். "நீ தமிழ்ல எழுதிக் குடு. ஒன் கையெழுத்துல இருந்தாத்தான் எனக்கு மண்டைல ஏறும்." எழுதிக் கொடுத்தாள். அரசுப் பள்ளி நோட்டொன்றில், ஓரம் விட்டு, எண்ணிட்டு, பதினேழு வாக்கியங்கள். சொல்லுக்குச் சொல் செதுக்கி மூன்று நாள் எழுதினாள். ஓய்வு பெற்றபின் அவள் எழுதிய ஒரே நூல் அது. அதைப் படித்த ஒரே வாசகர் அவர்.

முதல் பை வாளிக்குள் இறங்கியது. காற்று குமிழிகளாய் வெளியேறப் பை ஒரு முறை புரண்டு கொடுத்தது. உயிருள்ளதை அமுக்குவது போலிருந்ததால் முகத்தைத் திருப்பிக்கொண்டு கையால் அழுத்தினாள். புறவாசல் பக்கமாய் வாளியை இழுத்ததும் மதிலுக்கு மேலே அடுத்த வீட்டுச் செண்பகவடிவின் தலை தெரிந்தது. "டீச்சரக்கா, அண்ணாச்சி இன்னைக்கு வாராவளாமே?" "பன்னிரண்டு மணிக்கு." "நல்லாருக்கட்டும். எங்க வீட்டுல அவிய கேட்டுக்கிட்டே இருக்காவ, அண்ணாச்சி வீட்டுக் காளான் இல்லாம ஞாயித்துக்கிழமையே வெளங்கலங்காவ. கறி கெட்டுது போங்க." "இனிமேல் இல்லை, செண்பகவடிவு." "ஏங்க்கா? அண்ணாச்சி வந்து மறுபடியும் போடுவாவல்லா?" அபயாம்பாள் வாளியைப் பார்த்தாள். "ஏதோ ஒண்ணு காத்தோட உள்ள போயிட்டுன்னு சொன்னாவளே, அது இதானாக்கா?" "இதுதான்." செண்பகவடிவு முந்தானையால் சட்டென்று மூக்கைப் பொத்திக்கொண்டாள். யாரும் அவளுக்கு எழுதிக் கொடுக்கவில்லை. ஒரு விநாடிகூட ஆகவில்லை. "அப்பம் அண்ணாச்சி மூடாமலயா போனாவ?" என்று துணிக்குள்ளிருந்து கேட்டாள். அபயாம்பாள் உள்ளே திரும்பினாள். மூடாமல்தான் போனார். அவள் பார்த்திருக்கிறாள். தினமும் காலையில் வெறும் முகத்தோடு இந்தக் கதவைத் திறந்து, வாசலில் நின்று மூச்சை நன்றாக இழுத்து, தலையை ஒரு பக்கமாகச் சாய்த்து, பாட்டுக் கேட்பவர் போல ஒரு கணம் நின்று, பிறகு உள்ளே போவார். அவள் அதைப் பிடிவாதம் என்று எடுத்துக்கொண்டாள். எழுதியே கொடுத்தாயிற்று, எழுதிக் கொடுத்ததை வாயாலும் சொல்வது எழுத்துக்கு அவமதிப்பு என்று ஓர் எண்ணம் அவளுக்கு. வகுப்பில்கூட ஒரு முறை கரும்பலகையில் எழுதியதை மறுமுறை சொல்ல மாட்டாள். படித்துக்கொள்ளட்டும். படித்தும் செய்யாதவர் அனுபவிக்கட்டும். அனுபவிக்கட்டும் என்று நினைத்தாளா? நினைத்தாள். இருமல் வந்த முதல் மாதம், அந்த இருமலைக் கூடத்திலிருந்து கேட்டுக்கொண்டு, நினைத்தாள்.

இரண்டாவது பை, மூன்றாவது பை. மூன்றாவதன் பெரிய குடையைப் பிய்க்கக் கை வரவில்லை. தட்டைத் தாங்குவது போல அடியில் கை கொடுத்து அப்படியே வாளிக்கு மேலே கொண்டுபோனாள். கையுறையில் வெள்ளை படிந்தது. இது உள்ளே போய் முளைத்திருக்குமோ என்று முதல் வாரம் முழுவதும் அவள் அஞ்சினாள். நுரையீரலும் இருட்டும் ஈரமும் வெதுவெதுப்புமான அறைதானே. ஒருநாள் கேட்டும்விட்டாள். டாக்டரம்மாள் சிரிக்காமல் பதில் சொன்னாள்: "முளைக்காதும்மா. இந்தத் தூள் உள்ள போறப்பல்லாம் உடம்பு அதோட சண்டை போடுது. சண்டை போட்ட எடமெல்லாம் தழும்பாயிடுது. தழும்பான எடத்துல காத்து ஏறாது." பிறகு கட்டிலில் இருந்தவரிடம் திரும்பி, "அந்த ரூமுக்குள்ள போறப்ப மாஸ்க் போடுவீங்கல்ல சார்?" என்றாள். அவர் தலையணையிலிருந்து சற்று எழும்பினார். "இல்லம்மா. மூக்க மூடாமத்தான் போகணும். எங்க வீட்டம்மா எழுதியே குடுத்திருக்கா. தமிழ் டீச்சராக்கும்." சொல்லிவிட்டுப் பெருமையோடு அவளைப் பார்த்தார். டாக்டரம்மாளும் பார்த்தாள். அபயாம்பாள் புன்னகை செய்தாள். காய்ச்சலிலும் கேலியை விடவில்லையே என்று நினைத்துச் செய்த புன்னகை. வீட்டில் அவர் எந்தப் பழியையும் "டீச்சர் உத்தரவு" என்று அவள் தலையில் போட்டுச் சிரிப்பது வழக்கம். ஆனால் அந்தப் புன்னகை அன்றிலிருந்து உதட்டில் எங்கோ ஒட்டிக்கொண்டு போகமாட்டேன் என்கிறது. டாக்டரம்மாள் புன்னகை செய்யவில்லை. அவள் ஏன் செய்யவில்லை என்பதைப் பற்றியே பதினாறு நாளாக, வீட்டுக்கும் ஆஸ்பத்திரிக்குமாக ஆட்டோவில் போகும்போதெல்லாம், நினைத்து நினைத்து விட்டுவிடுகிறாள்.

மேசை இழுப்பறையில் பிளேடுகள், தீப்பெட்டி, ரப்பர் வளையங்கள், துளை போட்டதும் போடாததுமாய்க் கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் பைகள். அவற்றின் அடியில் நோட்டு. அட்டையில் அவள் கையெழுத்து: காளான் வளர்ப்பு முறை. பேப்பர் கூட இருக்கக் கூடாது. அப்படியே வாளிக்குள் போட்டிருக்கலாம். போடத்தான் எடுத்தாள். எழுதியதைப் போடுமுன் ஒரு முறை பார்க்காமல் போட அவளால் முடியாது; விடைத்தாள் கட்டுகளையே அப்படித்தான். ஈரத்துணியால் அட்டையைத் துடைத்துவிட்டுப் பிரித்தாள். ஒவ்வொரு வாக்கியத்துக்கும் எதிரே அவர் பென்சிலால் சரிக்குறி போட்டிருந்தார், பதிவுத் தபாலைச் சரிபார்ப்பவர் போல. வைக்கோலை நறுக்கி ஊறவைத்தல்: சரி. கொதிநீரில் ஒரு மணி நேரம் அவித்தல்: சரி. பிழிந்தால் நீர் சொட்டாத பதத்துக்கு உலர்த்தல்: சரி. பைகளில் அடுக்கடுக்காய் அடைத்தல்: சரி. பதினான்காவது வாக்கியம்: காளான் விரிந்தபின் அறைக்குள் மூக்கும் வாயும் மூடாது புகல். எதிரே சரிக்குறி. அதன் பக்கத்தில், குறுகலான இடத்தில், தபால்தலை ஒட்ட இடம் விடுபவரின் சின்னஞ்சிறு எழுத்தில்: "வாசம் தெரியணும்லா. புளிச்ச வாடைன்னா பை கெட்டுட்டுன்னு அர்த்தம்." அவள் அதைப் படித்தாள். வாக்கியத்தை மறுபடி படித்தாள். பிறகு அவருடைய குறிப்பை. பிறகு வாக்கியத்தை, இம்முறை அவளாக இல்லாமல் அவராக. மகளுடைய பழைய நாற்காலியில் உட்கார்ந்தாள்.

புகல். அல் ஈற்று எதிர்மறை. புகாதே, புகக் கூடாது. மூக்கும் வாயும் மூடாமல் உள்ளே போகாதே. ஐயமே இல்லை. ஐயமே இல்லையா? ஊறவைத்தல், அவித்தல், உலர்த்தல், அடைத்தல் என்று பதின்மூன்று தொழிற்பெயர்களை வரிசையாய் அடுக்கிவிட்டுப் பதினான்காவதாய்ப் புகல் என்றால், புகுதல் என்றுதானே படிப்பார் எவரும். மூக்கும் வாயும் மூடாமல் உள்ளே போதல். ஒரே வடிவம், ஒரு முகம் செய் என்கிறது, மறுமுகம் செய்யாதே என்கிறது. மாணவி ஒருத்தி இப்படி எழுதியிருந்தால் சிவப்பு மையால் வட்டமிட்டு, வரிசை பிறழ்ந்தது என்று ஓரத்தில் எழுதியிருப்பாள். ஆங்கிலக் குறிப்பேட்டில் அந்த ஒரு வாக்கியத்தை மட்டும் கட்டம் கட்டித் தடித்த எழுத்தில் போட்டிருந்தார்கள். கட்டத்தை விட்டுவிட்டவள் அவள். படிக்கத் தெரிந்தவருக்குக் கட்டம் எதற்கு என்று விட்டாள். போகாதீர்கள் என்று எழுத எத்தனை நொடி ஆகியிருக்கும்? அது மனத்தில் வந்தது. வந்ததை ஒதுக்கியதும் நினைவிருக்கிறது. பேச்சு வழக்குப் போல இருக்கிறது என்று ஒதுக்கினாள். அதுமட்டுமன்று, அது மட்டும்தான் என்றால் வெறும் செருக்கு என்று தன்னைத் திட்டிவிட்டு எழுந்து விடலாம். அந்தச் சொல்லை அவள் அவருக்காகவே தேர்ந்தாள். மயிலாடுதுறையில் திருமணமான முதல் வாரம், கடைத்தெருவில் நடக்கையில் தலைக்குமேல் இருந்த அஞ்சல் நிலையப் பலகையைக் காட்டி, "உங்கள் இலாகாவின் பெயருக்குப் பொருள் தெரியுமா?" என்று கேட்டது அவள்தான். அஞ்சல் என்றால் அஞ்சாதே என்றும் பொருள். அவள் பெயரிலுள்ள அபயம் என்றாலும் பயமில்லை என்றே பொருள். அவர் நடுத்தெருவில் நின்று, திருநெல்வேலிக் குரலில் ஊரே திரும்பிப் பார்க்கச் சிரித்தார். "அப்பம் நான் ஒன் ஆபீஸ்லதான் வேல பாக்கேன்னு சொல்லு." அதற்குப்பின் அது அவர்கள் இருவருக்கு மட்டுமான சொல்லாயிற்று. அவளுக்குக் கருப்பை அறுவை நடந்தபோது, மணிமொழிக்குப் பிள்ளை வரத் தாமதமானபோது, அவள் தந்தை போனபோது, தோளில் கை வைத்து ஒரே சொல்: அஞ்சல். வேறொன்றும் சொல்ல மாட்டார். ஆகவே அவருக்கு அல் ஈறு தெரியும் என்று அவள் நம்பினாள். நோட்டில் புகல் என்று எழுதுகையில் உள்ளுக்குள் சிரித்துக்கொண்டாள், கண்டுபிடிப்பார், "ஏட்டி, அஞ்சல் மாதிரியா?" என்று கேட்பார் என்று இரண்டு நாள் காத்திருந்தாள். கேட்கவில்லை. அவருக்கு நினைவிருந்தது அந்த ஒரு சொல். இலக்கணம் இல்லை. சொல்லை வைத்துக்கொண்டு இலக்கணத்தை விட்டுவிட்டார். இவள் இலக்கணத்தை வைத்துக்கொண்டு அவரை.

ஒன்பதாம் வகுப்பில், இரண்டாம் பெஞ்சில், பேச்சித்தாய் என்றொரு பெண் எழுந்து நின்றாள். எத்தனையோ ஆண்டுக்கு முன். "டீச்சர், வேண்டாம்னு சொல்லுததும் வேணும்னு சொல்லுததும் ஒண்ணு போல இருந்தா எப்படி டீச்சர் கண்டுபிடிக்க?" இடம் நோக்கி அறிந்துகொள்ள வேண்டும் என்றாள் இவள். "எடம் வெளங்கலேன்னா?" வகுப்பு சிரித்தது. நில் என்று சொல்லி, மணி அடிக்கும்வரை நிற்க வைத்தாள். அந்தப் பெண் முகம் சுருங்காமல், பதில் வரும் என்று காத்திருப்பவள் போல நின்றாள். இன்னும் நிற்கிறாள், இந்த அறையில், நாள்காட்டிக்குக் கீழே, வெள்ளைப் பொடியில் வெறுங்காலோடு. மணி பதினொன்றே கால். இன்னும் இரண்டு பைகள் தொங்கின. நான்காவது பையைக் கையில் எடுத்தவள் மறுபடி நோட்டைப் பார்த்தாள். வாளி பக்கத்திலேயே இருக்கிறது. டாக்டரின் உத்தரவே இருக்கிறது: பேப்பர் கூட. மகளின் வாயாலும் வந்துவிட்டது. போட்டால் ஐந்து நிமிடத்தில் நீல மை வெளுத்துத் தண்ணீரோடு போய்விடும். அவருக்குத் தெரியாது. மூடாமல் போகச் சொன்னவள் மனைவி. மனைவி சொன்னதில் ஏதோ காரணம் இருக்கும். காரணத்தையும் அவரே கண்டுபிடித்து எழுதி வைத்துக்கொண்டார். அவரைப் பொறுத்தவரை கணக்கு நேராயிருக்கிறது. தெரிவிப்பதால் அவருடைய நுரையீரலில் ஓர் அங்குலம் திரும்பி வருமா? வராது. தெரிவித்தால், படியேற முடியாத மனிதர், அரை வாக்கியத்துக்கு ஒருமுறை மூச்சு வாங்குகிறவர், அந்த மூச்சைச் செலவழித்து இவளைத் தேற்ற வேண்டியிருக்கும். தேற்றுவார். அதுதான் தாங்காது. ஆகவே சொல்லாமலிருப்பதே அவருக்கு நன்மை. இந்த வாக்கியம் எவ்வளவு ஒழுங்காக அமைந்துவிட்டது என்று அவளுக்கே வியப்பாக இருந்தது. எழுவாய், பயனிலை, காரணம், விளைவு, ஒரு பிழை இல்லை. பிழையில்லாத வாக்கியங்களின்மேல் அவளுக்கு அன்றைக்குத்தான் முதன்முதலாகப் பயம் வந்தது. நான்காவது பையையும் ஐந்தாவது பையையும் சேர்த்து அமுக்கினாள். தண்ணீர் வாளியின் விளிம்பைத் தாண்டி வழிந்து வாசற்படியை நனைத்தது.

பாட்டில்களைப் போட்டாள். சாக்கைச் சுருட்டினாள். ஈரத்துணியால் மேசையை, சன்னலை, தரையை, நாள்காட்டி இருந்த சுவரை, மறுபடி மேசையை. துடைத்தால் பொடி பொடியாக இருப்பதில்லை, சந்தனக் குழம்பு போல இழுபடுகிறது. ஒவ்வொரு இழுப்பிலும் கோடி வித்து, ஒவ்வொன்றும் ஒரு காளானாகியிருக்கக் கூடியது, ஒன்றுகூட யாரையும் கெடுக்க வேண்டுமென்று விழவில்லை. உதிர்வது அதன் வேலை. உதிர்த்தவை எங்கே போய் விழுகின்றன என்று காளான் பார்ப்பதில்லை. அவள் பார்த்திருக்கலாம். தினமும் கதவருகே அவர் மூச்சை இழுத்து நின்றபோது, கூடத்திலிருந்து ஒரு குரல்: "என்னங்க, மூக்க மூடிக்குங்க." மூன்று சொல். ஒரு நாள், ஒரே ஒரு நாள், நாக்கின் நுனிவரை வந்தது, அன்று அவர் குழம்பில் உப்பில்லை என்று சொல்லியிருந்தார், விழுங்கிவிட்டாள். நோட்டை எதிரே வைத்து, இழுப்பறையிலிருந்த சிவப்புப் பேனாவை எடுத்தாள். பதினான்காவது வாக்கியத்தில் புகல் என்பதை அடித்தாள். மேலே எழுதக் கை தானாகப் போய்ப் புகற்க என்று எழுதிவிட்டது. அதையும் அடித்தாள். போகாதீர்கள் என்று எழுதி, கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்து, அதையும் அடித்துவிட்டு, வாழ்நாளில் தாளில் எழுதியிராத விதமாய், பேசுகிறபடியே எழுதினாள்: மூக்கையும் வாயையும் மூடாம உள்ள போகாதீங்க. அதற்குக் கீழே, அவருடைய பென்சில் குறிப்புக்கு எதிரே: தப்பு என்னுடையது. நான் எழுதியது உங்களுக்கு விளங்கவில்லை, விளங்காதபடி எழுதினேன். பக்கம் வெளியே தெரியும்படி நோட்டை மடக்கி, துளையில்லாத பை ஒன்றுக்குள் இட்டு, காற்றை அமுக்கி வெளியேற்றி, வாயை முறுக்கி இரண்டு ரப்பர் வளையம் போட்டாள். பையின் வெளிப்புறத்தை பிளீச்சிங் தண்ணீரால் துடைத்தாள். உள்ளே இருப்பது இனி வெளியே வராது. வெளியே வராததைப் படிக்க மட்டும் முடியும்.

கார் வந்து நின்றபோது மணி பன்னிரண்டு தாண்டி ஏழு நிமிடம். மணிமொழி ஒரு பக்கமும் கைத்தடி ஒரு பக்கமுமாக அவர் கூடம் வரை வருவதற்கு நான்கு இடத்தில் நிற்க வேண்டியிருந்தது. காலையிலேயே கொண்டுவந்து வைத்த ஆக்சிஜன் எந்திரத்தின் பக்கத்தில் கட்டிலில் உட்கார வைத்து, மூக்கில் குழாயை மாட்டி, விசையைப் போட்டதும் அது ஒரே சுருதியில் ஓடத் தொடங்கியது. "எல்லாம் போட்டாச்சாம்மா?" என்று மகள் கேட்டாள். "ஆச்சு." மகள் மருந்துச் சீட்டோடு அடுக்களைக்குள் போனாள். அவர் பின்னறைக் கதவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"மூணாவது பை," என்றார். மூச்சு வாங்கினார். "பூத்திருக்குமே."

"பூத்திருந்தது."

"எவ்ளோ பெருசு?"

இரண்டு கைகளாலும் தட்டளவு காட்டினாள். அவர் புருவத்தை உயர்த்தி, "பொடியில இருந்து," என்றார். சிரிக்கப் பார்த்தார், அது இருமலாயிற்று. இருமல் ஓயும்வரை அவள் நின்றாள். பிறகு முந்தானைக்குள்ளிருந்து பையை எடுத்து அவர் மடியில் வைத்தாள். "பிரிக்காதீங்க. அப்படியே படிங்க," என்றாள். சொன்ன குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது.

கண்ணாடியைக் கூட்டிலிருந்து எடுத்துக் கொடுத்தாள், கூடு துடைத்திருந்தது. அவர் பையை வெளிச்சத்துப் பக்கம் திருப்பி, முகவரி தெளிவில்லாத கடிதத்தைப் பார்ப்பது போல, உதடு அசையப் படித்தார். அடித்ததைப் படித்தார். அதற்கு மேலே அடித்ததையும், அதற்கும் மேலே அடித்ததையும். கடைசி வரிவரை போய், திரும்பி வந்து, போகாதீங்க என்பதில் விரலை வைத்து நிறுத்தினார். அடுக்களையில் தண்ணீர்க் குழாய் திறந்து மூடியது. எந்திரம் ஓடிக்கொண்டிருந்தது.

"இத," என்றார். மூச்சு. "அன்னைக்கே இப்படி எழுதிருக்கலாம்லா, டீச்சர்."

குரலில் கேலி இருந்ததா என்று அவள் தேடினாள். எப்போதும் இருக்கும் இடத்தில் தேடினாள். குரலில் காற்றே இல்லாதபோது அதில் வேறென்ன இருக்கிறது என்று எப்படித் தெரியும்? அவள் கைகள் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டிருந்தன. பிளீச்சிங் நெடி இன்னும் போகவில்லை. அவர் பையை மடியிலிருந்து எடுத்துத் தலையணைக்குப் பக்கத்தில் வைத்தார். அவளுடைய தோளுக்குக் கை உயர்ந்தது. பாதி வழியில் தளர்ந்து அவள் மணிக்கட்டில் வந்து தங்கியது.

"அஞ்சல்," என்றார்.

கண்ணை மூடிக்கொண்டார். அவள் அசையாமல் நின்றாள். அஞ்சாதே என்பதா, அஞ்சுதல் என்பதா. அவளுக்குச் சொன்னதா, தன்னைப் பற்றிச் சொன்னதா. இடம் நோக்கி அறியலாம் என்று இடத்தைப் பார்த்தாள்: கட்டில், குழாய், எந்திரம், கையைப் பிடித்திருந்த கை. இடம் விளங்கவில்லை. பதிலுக்காக நிற்க வைக்கப்பட்டவள் போல, மணி அடிக்காத ஒரு வகுப்பில், அவள் நின்றுகொண்டே இருந்தாள்.